ஏழாவது படத்தில் ஒரு புள்ளி

பிலோமினா அந்தப் புள்ளியை நான்காவது தடவையாக அழித்தாள். மலைமுகடு நான்காவது தடவையாக உடைந்தது. சனியன். கணினியில் இதற்கென்று ஒரு வட்டம் இருக்கிறது. வேண்டாத புள்ளியின்மேல் அந்த வட்டத்தை வைத்து அழுத்தினால், பக்கத்தில் இருக்கிற வானத்தைக் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிடும், கிழிந்த சட்டைக்கு அதே துணியில் ஒட்டுப் போடுகிற மாதிரி. நடு வானத்தில் என்றால் ஒட்டு தெரியாது. ஆனால் இந்தப் புள்ளி வானத்தில் இல்லாமல், மலையிலும் இல்லாமல், இரண்டும் சேருகிற கோட்டின்மேல் போய்க் குந்தியிருந்தது. அழித்தால் புள்ளி போகும், கூடவே கோட்டில் ஒரு படிக்கட்டு விழும். இயற்கையில் எந்த மலைக்கும் படிக்கட்டு கிடையாது. கண்காட்சிக்கான பன்னிரண்டு படங்களில் பதினொன்று ஒழுங்காக முடிந்துவிட்டன. கேமராவுக்குள் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால், எடுக்கிற எல்லாப் படத்திலும் அதே இடத்தில்தான் கறுப்பாக விழும். அதனால் ஒரு படத்தில் அழித்துவிட்டு, அந்த அழிப்பை அப்படியே நகலெடுத்து மற்ற பதினொன்றிலும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இருபது வருஷமாக அவள் அப்படித்தான் செய்கிறாள். இந்த ஏழாவது படத்திலும் வலது மேல்மூலைத் தூசி போய்விட்டது. இது அதற்கு இரண்டு விரல் கீழே, தனியாக. வேறு எந்தப் படத்திலும் இது இல்லை. அப்படியானால் இது தூசி இல்லை என்று ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பிலோமினா அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. வட்டத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, ஐந்தாவது தடவை அழுத்தினாள். படிக்கட்டு இந்த முறை இடப்பக்கமாக விழுந்தது.

மணி இரண்டேகால். சித்திரை மாதத்து வத்தலக்குண்டு, ஜன்னலுக்கு வெளியே சத்தமே இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. முன்னறையில் அருளப்பன் மூன்று நாளாக ஒரு மேஜை விசிறியைக் கழற்றிப் போட்டு, சரி பண்ணிக்கொண்டிருந்தார். சரி பண்ணுவது என்றால் முதல் நாள் கழற்றியது, இரண்டாம் நாள் துடைத்தது, இன்றைக்குத் தேடுவது. "பிலோ, ஒரு குட்டி ஸ்க்ரூ. எள்ளு தண்டிதான் இருக்கும். உன் பக்கம் உருண்டு வந்துச்சா?" என்றார், தரையில் குப்புறப் படுத்த குரலில். "வரலை." "பார்க்காமலே சொல்றியே." "என்னங்க, எனக்கு நாலு மணிக்கு இதெல்லாம் போகணும். மெட்ராஸ்ல அவன் உயிரை எடுக்கிறான்." "நீ எள்ளு தண்டி ஒண்ணை வேணாம்னு அழிச்சிட்டிருக்க, நான் எள்ளு தண்டி ஒண்ணை வேணும்னு தேடிட்டிருக்கேன். நல்ல குடும்பம்தான்." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனார். இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும் இவள் எள் தண்டியை அழித்துக்கொண்டிருப்பது? காலையில் அவளே சொல்லியிருப்பாள். சொன்னாளா? சொன்னாள், கோபத்தில். இன்றைக்குக் காலையிலிருந்து எல்லாமே கோபத்தில்தான் நடந்திருக்கிறது. பால் பொங்கியதும், செல்போன் அடித்ததும். மூன்று தடவை அடித்தது. அதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் முகடு.

செல்போன் மறுபடியும் அடித்தது. கை தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது. பார்த்தால், நந்தகோபன். கண்காட்சி நடத்துகிறவன், இவளைவிட இருபது வயது சிறியவன், ஆனாலும் வாக்கியத்துக்கு ஒரு தடவை "மேடம், நான் சொல்றதைக் கேளுங்க" என்பான். "மேடம், ஏழாவதுதான் வாசல்ல வைக்கிறோம். ஆறடி அகலம். உள்ளே நுழையறவங்க அப்படியே நிக்கணும். ஆனா நீங்க அனுப்பின மாதிரிப் படத்துல இடது பக்கம் வெளுப்பா இருக்கே? அந்தச் சரிவு?" "அது எரியாத சரிவு, நந்தகோபன்." "அது எனக்குத் தெரியும் மேடம், பார்க்கிறவங்களுக்குத் தெரியுமா? தலைப்பு ‘எரிந்த காடு’. பாதிக் காடு ஜம்முன்னு நின்னுட்டிருந்தா எப்படி? இன்னும் கறுப்பு கொடுங்க. அப்புறம் முன்னாடி இருக்கிற பாறை தட்டையா இருக்கு. கொஞ்சம் எழுப்பிவிடுங்க. நாலு மணிக்கு மேல அச்சுக்காரன் மிஷினை நிறுத்திட்டுப் போயிருவான், மேடம், நான் சொல்றதைக் கேளுங்க." கேட்டாள். கேட்டுத்தான் ஆக வேண்டும். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கும்போது வண்ணங்கள் செத்துப்போவதில்லை. அடியில் ஒளிந்துகொண்டிருக்கும். மஞ்சளுக்கு ஒரு ஸ்லைடர், பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று வரிசையாக இருக்கும். மஞ்சளை வலது பக்கம் தள்ளினால் படத்தில் மஞ்சளாக இருந்ததெல்லாம் வெளுக்கும், இடது பக்கம் தள்ளினால் கறுக்கும். எரியாத சரிவில் இருந்தது கோடையில் காய்ந்த மஞ்சள் புல். அவள் மஞ்சளை இடது பக்கம் தள்ளினாள். சரிவு மெல்ல மெல்லக் கறுத்து, அரை நொடியில் முழுக்கக் கருகியது. நிஜத்தில் அது எரிய ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. பள்ளத்தில் இருந்த சோலையும் சேர்ந்து எரிந்து முடிய இரவு ஒன்பது மணி ஆனது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். இங்கே விரல் நுனியில் அரை நொடி. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது, இவ்வளவு நன்றாக இருந்தது.

நரிப்பாறை மேடு. அதில் இரண்டு சரிவுகள், நடுவில் ஒரு முகடு. பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் சரிவு எரிந்தது. யாரோ பீடி, யாரோ சோற்றுக்கு மூட்டிய அடுப்பு, யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டாவது சரிவு பிடித்தது. அப்போது முகட்டில் நின்று பார்த்திருக்க வேண்டியவர் தீக்காவலர் ஒச்சப்பன். ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. ரேஞ்சர் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது முகட்டில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இன்றைக்கு நாலு மணிக்கு ரேஞ்ச் ஆபீஸில் கடைசி விசாரணை, அதோடு வேலை போய்விடும். இதெல்லாம் பிலோமினாவுக்கு எப்படித் தெரியும் என்றால், ஒச்சப்பனே காலையில் சொன்னார். ஏழு மணிக்கு ஒரு தடவை, எட்டரைக்கு ஒரு தடவை. பத்து மணிக்கு அடித்ததை அவள் எடுக்கவில்லை. "டீச்சர், நல்லா இருக்கீங்களா? தொந்தரவுக்கு மன்னிக்கணும். அன்னிக்கு வியாழக்கெழம கீழ பாறைகிட்ட ஒரு அம்மா நின்னாங்க. வெள்ளத் தொப்பி, மூணு காலு ஸ்டாண்டு. நீங்கதானோன்னு..." டீச்சர் என்றால் டிராயிங் டீச்சர். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். மேலே போகும்போதெல்லாம் ஒச்சப்பன்தான் கூட வருவார், ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் எட்டு நிமிஷம் ஒரே பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் ஒரு வார்த்தை பேசாமல். "நான் வந்தது புதன்கிழமை, ஒச்சப்பன்" என்றாள் அவள். பொய் இல்லை. புதன்கிழமையும் போயிருந்தாள், வேறு காவலரோடு. "அப்படிங்களா டீச்சர். ரிஜிஸ்டர்லயும் புதன்தான் இருக்குன்னாங்க. சரிங்க. நான்தான் அப்படி ஒரு ஆள் நின்னதா கதை விடறேன்னு சொல்றாங்க." எட்டரைக்குக் கூப்பிட்டபோது, "உங்க படத்துல எங்கயாவது நான் இருக்கேனான்னு மட்டும்..." என்று ஆரம்பித்தார். அவள் சொன்னாள், "என் படத்துல மனுஷங்களே இருக்க மாட்டாங்க, ஒச்சப்பன். உங்களுக்குத்தான் தெரியுமே." அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். அடுப்பில் பால் பொங்கியது. வைத்துவிட்டாள். பால் பொங்கினால் வைக்கத்தானே வேண்டும்?

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. மேஜைக்கு அடியில் யு.பி.எஸ். பெட்டி கீ... கீ... என்று கத்தத் தொடங்கியது. பதினைந்து நிமிஷத்துக்குக் கணினி ஓடும், அதற்குள் முடி என்று அர்த்தம். "ஃபேனைச் சரி பண்ணி என்ன புண்ணியம், பார்த்தியா!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. அன்றைக்கும் இப்படித்தான் இறங்கியது, அதே இடத்தில், தொப்பிக்குக் கீழே. எந்த அன்றைக்கு? புதன்கிழமையா? புதன்கிழமை மேகம் இருந்தது. மேகம் இருந்ததால்தான் படம் சரியாக வரவில்லை, சாம்பலும் வானமும் ஒரே நிறம், எல்லாம் சேற்றுத் தண்ணீர் மாதிரி. அனுமதிச் சீட்டு அன்றோடு முடிந்தது. புதுச் சீட்டு வாங்க மறுபடியும் ரேஞ்ச் ஆபீஸில் பெஞ்சில் உட்கார வேண்டும், மனு எழுத வேண்டும், நான்கு நாள் ஆகும். நான்கு நாளில் காற்று சாம்பலை வாரிக்கொண்டு போய்விடும். வியாழக்கிழமை காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஓடை வழியாக ஒரு ஒற்றையடிப் பாதை. ஒச்சப்பன்தான் எப்போதோ காட்டியது. ஒரு மணி நேரம், ஒரே ஒரு படம், யாருக்கு என்ன நஷ்டம்? பாறைகிட்ட ஸ்டாண்டை விரித்து, முதல் சரிவின் எரிந்த மரங்களை முன்னால் வைத்து, முகட்டை மேலே வைத்து, கட்டம் பார்த்தால், கச்சிதம். அப்போது முகட்டில் ஒரு ஆள் முளைத்தான். இவ்வளவு பெரிய மலையில் அந்த ஒரு அங்குலத்தில்தானா அவனுக்கு நிற்க இடம் கிடைத்தது? அவள் காத்திருந்தாள். ஆள் வந்துவிட்டால் அவள் படம் எடுக்க மாட்டாள், போகட்டும் என்று காத்திருப்பாள், அது அவள் வழக்கம். அவன் போகவில்லை. கையில் ஏதோ துணியை எடுத்து வீசத் தொடங்கினான். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை, சத்தம் கேட்கவில்லை. கைமட்டும் போய்ப் போய் வந்தது. போ, போ, போ. ஃபாரஸ்ட் கார்டு பார்த்துவிட்டான், விரட்டுகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அறுபத்தைந்து வயதில் சீட்டில்லாமல் காட்டுக்குள் பிடிபட்டு, பேப்பரில் பெயர் வந்து, அதற்குப் பிறகு எந்தச் சரகத்திலும் உள்ளே விட மாட்டார்கள். கையோடு கிளிக்கை அழுத்தினாள், அவனோடு சேர்த்தே, பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று. அழுத்திவிட்டு, ஸ்டாண்டை மடக்கி, பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். காலில் எறும்பு கடித்தது. பிஸ்கட் தின்றாள். ஆமாம், தின்றாள், பயத்தில் பசி எடுத்தது. பிறகு ஓடை வழியாக இறங்கி, பஸ் பிடித்து வந்து, குளித்து, தூங்கி எழுந்தால், மறுநாள் பேப்பரில் இரண்டாவது சரிவு எரிந்த செய்தி. ஐயோ பாவம் என்று சொன்னாள். பத்து நாள் கழித்துப் புதுச் சீட்டு வாங்கிப் போய் அந்த இரண்டாவது சரிவைப் படம் எடுத்தாள். எட்டு முதல் பன்னிரண்டு வரை எல்லாம் அதுதான். கூட வந்தது வேறு காவலர். ஒச்சப்பன் எங்கே என்று அவள் கேட்டாள். அந்த ஆள் உதட்டைப் பிதுக்கினான். அதற்குமேல் கேட்காமல் லென்ஸைத் துடைத்தாள்.

கீ... கீ... ஆகட்டும், ஆகட்டும், கத்தாதே. பாறையை எழுப்ப வேண்டும் என்றானே அவன். முன்னால் இருக்கிற பாறை செம்மண் பூசியது, ஆகவே சிவப்பு. சிவப்பு ஸ்லைடரை வலது பக்கம் தள்ளினால் பாறை வெளுத்து மேலே வரும். வேறு ஒன்றும் ஆகாது, எரிந்த காட்டில் வேறு சிவப்பு ஏது? கடைசியாக வைத்த ஒட்டை முதலில் எடுத்துவிட்டாள், படிக்கட்டோடு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. புள்ளி திரும்பி வந்தது. வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிவப்பைத் தள்ளினாள். பாறை வெளுத்தது. முகட்டில் புள்ளியும் எரிந்தது. கறுப்பாக இருந்த எள்ளின் ஒரு ஓரம், தீக்குச்சி உரசின மாதிரி வெள்ளையாக. அவள் சிவப்பைப் பின்னால் இழுத்தாள். அணைந்தது. தள்ளினாள். எரிந்தது. இழுத்தாள், அணைந்தது. இப்படி எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது. துண்டு. ஒச்சப்பனின் சிவப்புத் துண்டு. மலை ஏறும்போது தலையில் கட்டுவார், ஸ்டாண்டைச் சுமக்கும்போது தோளில் மடித்துப் போடுவார், வெயில் ஏறினால் அதை ஓடையில் நனைத்து, "வச்சுக்கங்க டீச்சர், சுத்தமானதுதான்" என்று நீட்டுவார். அவள் ஒரு தடவையும் வாங்கியதில்லை. தெரியாதா இது? தெரியும். எப்போதிருந்து தெரியும்? காலை ஏழு மணியிலிருந்தா, பத்து நாள் கழித்து லென்ஸைத் துடைத்தபோதா, பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபோதா? தெரிந்தவள் எப்படி ஐந்து தடவை அழிப்பாள்? தெரிந்ததால்தான் ஐந்து தடவை. தெரியாதவளாக இருந்தால் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள். எல்லாவற்றையும் நானூறு சதவீதம் பெருக்கிப் பார்க்கிறவள் இந்த ஒரு புள்ளியை மட்டும் பெருக்கவே இல்லை.

அவள் பெருக்கவில்லை, இப்போதும். அதற்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளையை எடுத்துவிட்டாள். ஒரு பொத்தான்தான். படம் வண்ணத்துக்குத் திரும்பியது. என்ன அசிங்கமான படம் அது. வானம் மருந்துப் பாட்டில் நீலம். பாறை காய்ந்த ரத்த நிறம். எரிந்த சரிவு கறுப்புக்கூட இல்லை, ஒரு மாதிரி அழுக்குப் பழுப்பு. இடது பக்கம், அவள் அரை நொடியில் எரித்த சரிவில் புல் அத்தனையும் மஞ்சளாக, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் அடிவாரத்தில், பள்ளத்துக்குப் பக்கத்தில், நூல் மாதிரி ஒன்று மேலே போயிற்று. அதைப் பனி என்று நினைத்து, அழகாக இருக்கிறதே என்று, காலையில் அவள் இன்னும் கொஞ்சம் வெளுக்க வைத்திருந்தாள். பங்குனி மத்தியானத்தில் ஏது பனி? படத்துக்குக் கீழே ஒரு பட்டை உண்டு, நாளும் நேரமும் காட்டும். கண்ணை உறுத்துகிறது என்று அதை எப்போதும் மூடியே வைத்திருப்பாள். திறந்தாள். வியாழன், பன்னிரண்டு பத்து. புல் நிற்கிறது, புகை கிளம்பியிருக்கிறது, முகட்டில் ஒரு சிவப்பு. நாலு மணிக்கு மெட்ராஸுக்குப் போக வேண்டிய படத்தில் புல் இல்லை, புகை இல்லை, ஆளும் இல்லை. ரேஞ்ச் ஆபீஸில் எழுதிவைத்த காகிதத்தில் என்ன இருந்ததோ, அதையேதான் அவளும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒட்டுத் தெரியாமல் செய்துகொண்டிருந்தாள்.

செல்போனை எடுத்தாள். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"டீச்சர்?"

"ஒச்சப்பன், எங்கே இருக்கீங்க?"

"ஆபீஸ் வாசல்லதான் டீச்சர். புளியமரத்தடியில."

"வியாழக்கிழமை நான்தான் அங்கே நின்னேன்."

மறுமுனையில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது.

"நெனச்சேன். தொப்பி உங்க தொப்பிதான்."

"விரட்டறீங்கன்னு நினைச்சேன். என்கிட்ட அன்னைக்குச் சீட்டு இல்லை."

"வெரட்டுறதா!" என்றார் ஒச்சப்பன். அவருக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "காத்து உங்க பக்கம் திரும்பிருச்சு டீச்சர். பொகை கெளம்பிருச்சு. வாக்கிடாக்கியில பேட்டரி இல்ல. எறங்கி ஓடுங்க, ஓடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன். நீங்க என்னடான்னா பாறைக்குப் பின்னால போயிட்டீங்க. மயக்கம் போட்டு விழுந்துட்டீங்களோன்னு பயந்து எறங்கி வந்தேன். அந்த நேரம் பாத்துத்தான் ரேஞ்சர் ஐயா மேல வந்துருக்காரு."

பிலோமினா மேஜை இழுப்பறையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கணினியில் செருகினாள்.

"என்னைத் தேடியா இறங்கினீங்க?"

"பின்ன? பாறைக்குப் பின்னால வந்து பாத்தா ஆளைக் காணோம். பிஸ்கட் தாளு மட்டும் கெடந்துச்சு. அதை எடுத்து வச்சிருக்கேன். ஆபீஸ்ல காட்டுனேன், ‘ஏன்யா, இதுல பேர் எழுதிருக்கா’ன்னு கேட்டுச் சிரிச்சாங்க." அவர் குரல் தணிந்தது. "நீங்க சொன்னா உங்களுக்குக் கேஸ் வரும் டீச்சர். சீட்டு இல்லாம உள்ள வந்தது. யோசிச்சுக்கங்க."

"தாள் கையில இருக்கா?"

"சட்டைப் பையிலதான்."

"கீழே போட்டுடாதீங்க. வரேன்."

கணினியில் ஏழாவது படம் வண்ணத்தோடு பென் டிரைவில் ஏறிக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு பாதிவரை வந்து நின்று யோசித்தது. யு.பி.எஸ். இப்போது இடைவெளி விடாமல் கத்தியது. போகிற நேரம், சீக்கிரம், சீக்கிரம். செல்போனில் நந்தகோபன் வந்தான், அடித்தான், ஓய்ந்தான், மறுபடி வந்தான். கோடு முடிந்தது. அவள் பென் டிரைவைப் பிடுங்கவும் திரை இருண்டது. கறுத்த கண்ணாடியில் வியர்த்த ஒரு முகமும் பின்னால் ஜன்னலும் தெரிந்தன. அவள் எழுந்து முன்னறைக்கு வந்தாள். அருளப்பன் விசிறியின் பாகங்களுக்கு நடுவே உட்கார்ந்து, உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெடச்சிருச்சு பிலோ! செருப்புக்கு அடியில ஒட்டிட்டு இருந்துச்சு. நானே மிதிச்சுட்டுத்தான் வீடு பூராவும் தேடியிருக்கேன்."

"வண்டியை எடுங்க" என்றாள்.

"எங்கே? இந்த வெயில்லயா?"

"ரேஞ்ச் ஆபீஸுக்கு. மூணரை ஆயிருச்சு. போற வழியில சொல்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிலோமினா ஆணியில் தொங்கிய வெள்ளைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.